சிவப்பு நூல் கட்டிய கப்: எச்சிலில் வரும் வைரஸும் இரைப்பைப் புற்றுநோயும்

திருகோணமலை, பாலையூற்றில் ஓர் அந்தியேட்டி வீடு. இறந்தவருக்கு 62 வயது, இரைப்பையில் புற்றுநோய். பந்தி முடிந்து முற்றத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கைகழுவக் குசினிப் பக்கம் போனபோது, ஒரு சில்வர் கப்பும் ஒரு சாப்பாட்டுக் கோப்பையும் மற்றப் பாத்திரங்களோடு சேராமல் ஒதுக்குப்புறமாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். கப்பின் கைபிடியில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. இறந்தவரின் மனைவி பாவிக்கும் கப் அது. வேறு யாரும் மாறி எடுத்துவிடக் கூடாது என்பதற்காக நூல்.

இறந்தவரின் அக்கா என்னைக் கண்டதும் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "தம்பி, நீர் ஆஸ்பத்திரி லாப்பில இருந்தனீர்தானே. உந்த வயித்துக் கான்சர் எச்சிலால தொத்துமாமே? பேரன்ர போனுக்கு வந்திருக்கு."

பேரனின் போனை வாங்கிப் பார்த்தேன். வழக்கமான வட்ஸ்அப் சங்கதிதான். ஆனால் முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியவில்லை; அதுதான் தொல்லை. இரைப்பைப் புற்றுநோயில் ஒரு வகைக்கும் ஒரு வைரஸுக்கும் தொடர்பு உண்டு. உண்மை. அந்த வைரஸ் எச்சில் வழியாகப் பரவுகிறது. அதுவும் உண்மை. இரண்டையும் ஒட்டவைத்து, நடுவில் கிடக்கும் பல பத்து வருடங்களை வெட்டி எறிந்துவிட்டார்கள். மிச்சமிருந்தது அந்தச் சிவப்பு நூல்.

வைரஸின் பெயர் எப்ஸ்டீன்-பார். கதை ஆபிரிக்காவில் தொடங்குகிறது. உகண்டாவில் வேலை செய்த டெனிஸ் பர்கிட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், அங்கே சிறுபிள்ளைகளின் தாடையில் வளரும் ஒரு விசித்திரமான கட்டியைப் பற்றி 1958இல் எழுதினார். 1961இல் அவர் லண்டனில் பேசியதைக் கேட்டவர் அந்தனி எப்ஸ்டீன். இந்தக் கட்டி வரும் இடங்கள் மழைக்கும் வெப்பத்துக்கும் ஏற்றபடி அமைந்திருப்பதைக் கேட்டதும், பின்னால் ஏதோ தொற்று இருக்கவேண்டும் என்று அவருக்குப் பட்டது. கம்பாலாவிலிருந்து விமானத்தில் கட்டித் துண்டுகளை வரவழைத்து வருடக்கணக்காகத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. ஒரு தடவை லண்டனில் மூடுபனி. விமானத்தை மான்செஸ்டருக்குத் திருப்பிவிட்டார்கள். தாமதித்து வந்துசேர்ந்த போத்தலில் திரவம் கலங்கியிருந்தது. பற்றீரியா பிடித்துக் கெட்டுவிட்டது என்று கொட்டியிருக்கலாம். கொட்டாமல் ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார்கள். கட்டியிலிருந்து உதிர்ந்த உயிருள்ள கலங்கள் மிதந்துகொண்டிருந்தன. அவற்றை வளர்த்து, 1964இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது வைரஸ் தெரிந்தது. லாப்பில் வேலை செய்தவன் என்ற முறையில், கலங்கிய போத்தலை எறியாமல் விட்ட அந்த நிமிடம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம்.

அந்த ஆய்வை எழுதியவர்கள் மூன்று பேர்: எப்ஸ்டீன், டிரினிடாட்டில் பிறந்த பேர்ட் அச்சொங், இவோன் பார். வைரஸின் பெயரில் ஏறியவர்கள் இரண்டு பேர்தான். இலத்திரன் நுணுக்குக்காட்டி வேலையில் கைதேர்ந்தவர் அச்சொங். எப்ஸ்டீன் 2024இல், 102 வயதில் காலமானார்.

புற்றுநோய்க் கட்டியில் கண்டுபிடிக்கப்பட்ட முதல் மனித வைரஸ் இது. அதற்காக இது ஏதோ அபூர்வமான கிருமி என்று நினைத்துவிட வேண்டாம். உலகின் வளர்ந்தவர்களில் 90 வீதத்துக்கு மேற்பட்டோருக்கு இது ஏற்கெனவே தொற்றியாயிற்று. உங்களுக்கும் எனக்கும் அநேகமாக உண்டு. மேற்கு நாடுகளில் பலருக்கு இது இளவயதில்தான் முதன்முதலாகத் தொற்றுகிறது. தொண்டை வீங்கி, கழுத்தில் நெறிகட்டி, கிழமைக்கணக்கில் காய்ச்சலில் படுக்கவைக்கும். முத்தத்தால் வரும் காய்ச்சல் என்று அங்கே கேலியும் செய்வார்கள். நம்மைப் போன்ற நாடுகளில் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே, ஒரு சின்னச் சளிக்காய்ச்சல் போலவோ ஒரு அறிகுறியும் காட்டாமலோ வந்து உட்கார்ந்துவிடும்.

எச்சில் விசயத்தில் நாங்கள் கவனமில்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. உதடு படாமல் குடிப்பதற்கென்றே மூக்குப்பேணி வைத்திருந்த ஆட்கள் நாங்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு ரொபியை இரண்டாக்கச் சட்டைத் துணிக்குள் வைத்துக் கடித்த காக்காய்க்கடி மறந்திருக்காது. துணியைத் தாண்டி எச்சில் போகாது என்று சத்தியம் பண்ணிக்கொண்டு தின்றோம். மறுபக்கம், அம்மம்மா சோற்றை ஊதி ஆறவைத்து, சூடு சரியா என்று தன் வாயில் கொஞ்சம் வைத்துப் பார்த்து ஊட்டியிருப்பார். வருகிற போகிற மாமிமார் எல்லோரும் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சியிருப்பார்கள். காக்காய்க்கடிக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. ஆகவே 60 வயது தாண்டிய ஒரு பெண்ணின் கப்பை இப்போது ஒதுக்கி வைப்பது, குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டுகிற வேலை.

உள்ளே வந்த வைரஸ் வெளியே போவதில்லை. தொண்டையிலிருந்து பி வகை நிணநீர்க் கலங்களுக்குள் புகுந்து, ஆயுள் முழுக்க அங்கேயே குடியிருக்கும். உடம்பின் நீர்ப்பீடனம், அதாவது நோய் எதிர்ப்பு, அதை விட்டும் பிடித்தும் காவல் காக்கும். இடைக்கிடை வைரஸ் கொஞ்சம் விழித்து எச்சிலில் எட்டிப் பார்க்கும். அவ்வளவுதான். கணக்கைப் பாருங்கள்: 2022இல் உலகம் முழுவதும் புதிதாக இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்கள் ஏறக்குறைய 9 இலட்சத்து 70 ஆயிரம் பேர். அதில் இந்த வைரஸ் உள்ள வகை பத்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. வைரஸைச் சுமப்பவர்களோ சுமார் 500 கோடி.

அப்படியானால் தொடர்பு என்று எப்படிச் சொல்கிறார்கள்? எல்லோரிடமும் உள்ள ஒன்று நோயாளியிடமும் இருப்பதில் என்ன அதிசயம்? நியாயமான கேள்வி. விடை இரத்தத்தில் இல்லை, கட்டிக்குள் இருக்கிறது.

எனக்குப் பெரும்பாலும் இரத்தப் பரிசோதனை வேலைதான். பயொப்சிப் பக்கம் கொஞ்சக் காலம் இருந்தேன். வாய் வழியாக இரைப்பைக்குள் கமரா விட்டுப் பார்க்கும்போது கிள்ளியெடுக்கும் துண்டு பச்சரிசி அளவுதான் இருக்கும். அதை ஃபோர்மலினில் ஊறவைத்து, நீரை உறிஞ்சி, மெழுகுக்குள் புதைத்து, சின்ன மெழுகுக் கட்டியாக்குவோம். பிறகு தலைமுடியை விட மெல்லிய சீவல்களாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடித் தகட்டில் ஏந்த வேண்டும். மூச்சு விட்டால் சீவல் சுருண்டுவிடும். அந்த மெழுகுக் கட்டிகள் பல வருடம் கெடாமல் கிடக்கும்.

அப்படிக் கிடந்த மெழுகுக் கட்டிகள்தான் சாட்சி சொன்னவை. இந்த வைரஸ் குடியிருக்கும் ஒவ்வொரு கலத்திலும் ஈபர் எனப்படும் சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ. குவிந்து கிடக்கும். அதில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஒரு சாயத்தை ஏற்றினால், வைரஸ் உள்ள கலத்தின் கரு இருண்டு தெரியும். 1992இல் அமெரிக்காவில் 138 இரைப்பைக் கட்டிகளை இப்படிப் பார்த்தபோது 22இல் வைரஸ் இருந்தது. அந்தக் கட்டிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அல்ல, ஏறக்குறைய ஒவ்வொரு புற்றுக் கலத்திலும். பக்கத்தில் ஒட்டிக்கிடந்த நல்ல இரைப்பைக் கலங்களில் இல்லை.

இன்னொரு சாட்சி இதைவிடக் கூர்மையானது. வைரஸின் டீ.என்.ஏ. கயிறு மாதிரி நீளமாக வந்து, கலத்துக்குள் இரண்டு நுனியும் சேர்ந்து வளையமாகும். ஒவ்வொரு முறையும் அந்த முடிச்சின் நீளம் வேறுபடும், இரண்டு பேர் முடிந்த வலைமுடிச்சு ஒரே மாதிரி இராதது போல. கட்டியிலுள்ள கோடிக்கணக்கான கலங்களிலும் முடிச்சு ஒரே நீளமாக இருந்தது. அதாவது முதலில் ஒரு கலத்துக்குள் வைரஸ் போயிருக்கிறது. அந்த ஒரு கலத்தின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்தான் முழுக் கட்டியும். கட்டி வளர்ந்த பிறகு வைரஸ் வந்து ஒண்டிக்கொண்டது என்ற வாதம் அதோடு அடிபட்டுப் போனது.

சரி, உள்ளே போன வைரஸ் என்ன செய்கிறது?

திருகோணமலைக்காரருக்கு இதை விளங்கப்படுத்த ஹர்த்தாலை விட நல்ல உவமை எனக்குத் தெரியவில்லை. கடை எரிந்து போவது வேறு, ஷட்டர் இழுத்து மூடிக் கிடப்பது வேறு. இரண்டையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். பல புற்றுநோய்களில் பரம்பரையலகுகள் எரிந்த கடை மாதிரி. எழுத்தே சிதைந்து விகாரமாகிவிடும். வைரஸ் உள்ள இரைப்பைக் கட்டியில் அதிகம் நடப்பது ஹர்த்தால். பரம்பரையலகு அப்படியே இருக்கும், எழுத்துப் பிழை இருக்காது, ஆனால் அதன்மேல் மெதைல் என்ற சிறு இரசாயனப் பூட்டுகள் ஏறி ஷட்டர் விழுந்திருக்கும். கலம் கண்டபடி பெருகாமல் பிரேக் பிடிக்கும் பரம்பரையலகு ஒன்றும் அப்படி மூடப்பட்டதில் அடக்கம். வேறெந்த இரைப்பைக் கட்டியிலும் இந்த அளவு பூட்டுகள் இல்லை.

2014இல் 295 இரைப்பைக் கட்டிகளின் மரபுத் தகவலை முழுமையாக ஆராய்ந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வுத் திட்டம், இரைப்பைப் புற்றுநோய் ஒரு நோயல்ல, நான்கு நோய் என்று வகுத்தது. அந்த நான்கில் ஒன்று இந்த வைரஸ் வகை, 9 வீதம். மற்ற மூன்றும் வேறு வழிகளில் வருபவை. இங்கே அவை தேவையில்லை.

இந்த வகையின் குணமே தனி. ஆண்களுக்குப் பெண்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. இரைப்பையின் மேற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் அதிகம், அடிப்பகுதியில் குறைவு. முன்பு புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கு, மிச்சமிருக்கும் துண்டில் பல வருடம் கழித்து வரும் புற்றுநோயில் மூன்றில் ஒரு பங்கு வரை இந்த வகைதான். அமிலம் குறைக்கும் ஒமிப்ரசோல் குளிசை வருவதற்கு முன் அந்த வெட்டு எவ்வளவு சாதாரணம் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். கட்டியைச் சுற்றி நிணநீர்க் கலங்கள் தேர்த்திருவிழாச் சனம் மாதிரி மொய்த்து நிற்கும். நோயாளி தப்பிப் பிழைத்திருக்கும் காலமும் மற்ற வகைகளைவிடச் சற்று அதிகம்.

இவ்வளவு காவற்காரர்கள் மொய்த்தும் கட்டி எப்படித் தப்புகிறது என்று கேட்கலாம். கட்டிக் கலம் தன் மேற்பரப்பில் பி.டி.எல்.1 என்ற புரதத்தை நீட்டுகிறது. "என்னை விடு, நான் உன் ஆள்தான்" என்று காவற் கலத்திடம் அது சொல்லும். இந்த ஏற்பாட்டுக்கு மருத்துவர்கள் வைத்த பெயரே செக்பொயின்ற்தான். யுத்த காலத்தில் சோதனைச்சாவடியில் பாஸ் காட்டி மறுபக்கம் போய் இங்கே வாழ்ந்தவர்களுக்கு மேலதிக விளக்கம் வேண்டியதில்லை. பெம்ப்ரொலிசுமாப் போன்ற மருந்துகள் அந்தப் போலிப் பாஸைச் செல்லாததாக்குகின்றன. தென் கொரியாவில், நோய் பரவிவிட்ட 61 பேருக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. அவர்களில் 6 பேருக்கு வைரஸ் வகை. ஆறு பேருக்கும் கட்டி சுருங்கியது. ஆறு என்பது சின்ன எண்ணிக்கைதான், பிறகு வந்த ஆய்வுகளில் அந்த நூற்றுக்கு நூறு நிலைக்கவும் இல்லை. என்றாலும் கட்டிக்குள் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இது ஒரு காரணத்தைத் தந்துவிட்டது. முன்பு அது ஆராய்ச்சியாளரின் ஆர்வம்; இப்போது எந்த மருந்து என்ற கேள்வி.

இதற்காக யாரும் தனியார் லாப்பில் காசு கட்டி இந்த வைரஸுக்கு இரத்தம் சோதிக்கப் போக வேண்டாம். பிறபொருளெதிரி, அதாவது கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் புரதம், பொசிட்டிவ் என்றுதான் வரும், எல்லோருக்கும் வருவது போல. அந்த றிப்போட்டை வைத்துக்கொண்டு நித்திரை இல்லாமல் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். அர்த்தமுள்ள பரிசோதனை கட்டித் துண்டில் செய்யும் ஈபர் சோதனை ஒன்றுதான். தடுப்பூசியும் இன்னும் கையில் இல்லை, முயற்சிகள் நடக்கின்றன. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் பப்பிலோமா வைரஸுக்கு 2017 முதல் நமது பள்ளிக்கூடங்களில் ஆறாம் தரப் பெண்பிள்ளைகளுக்கு ஊசி போடுகிறார்கள். அந்த அதிர்ஷ்டம் இரைப்பைக்கு இன்னும் வாய்க்கவில்லை.

இந்த வைரஸ் தனியாக நின்று புற்றுநோயை உண்டாக்கியதாகவும் தெரியவில்லை. ஆபிரிக்கப் பிள்ளைகளின் தாடைக் கட்டியில் மலேரியா கூட்டு. தென் சீனத்தில் மூக்கின் பின்பக்கம் வரும் புற்றுநோயிலும் இதே வைரஸ் உண்டு. அங்கே பரம்பரையும், அவர்கள் முறையில் உப்பிட்டுப் பதப்படுத்திய மீனும் கூட்டு. கருவாடு என்றதும் திருக்கடலூரும் கிண்ணியாவும் மூதூரும் திடுக்கிட வேண்டாம். சீனரின் மீன், கொஞ்சம் அழுகவிட்டு உப்பிடுவது. அவர்கள் அதைப் பால்குடி மறக்கும் குழந்தைக்கே கஞ்சியோடு கொடுத்துப் பழக்கினார்கள். கட்டாக் கருவாட்டுக் குழம்பை எப்போதாவது ருசிக்கிறவருக்கும் அதற்கும் தூரம் அதிகம். ஆனால் உப்பில் ஊறிய உணவை நாள்தோறும் தின்றால் இரைப்பையின் உட்சவ்வு நொந்துபோகும், இரைப்பைப் புற்றுநோய்க்கும் அது வழிவிடும் என்பதில் ஆய்வாளர்களுக்கிடையே பெரிய சண்டை இல்லை. இரைப்பைக்குள் வைரஸின் கூட்டாளி பெரும்பாலும் நாட்பட்ட அழற்சி என்று கருதுகிறார்கள். புண்பட்ட இடத்துக்கு நிணநீர்க் கலங்கள் ஓடிவரும். அவற்றில் சிலவற்றுக்குள் வைரஸ் பதுங்கியிருக்கும். பக்கத்து இரைப்பைக் கலத்துக்கு அது தாவ அதுவே சந்தர்ப்பம்.

அந்த அழற்சியைப் பெரும்பாலும் மூட்டிவிடுவது வைரஸ் அல்ல, ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பற்றீரியா. இரைப்பைப் புற்றுநோயில் உண்மையான பெரிய புள்ளி இதுதான். இரைப்பையின் வாய்ப்பகுதி தவிர்ந்த இடங்களில் வரும் புற்றுநோயில் பத்தில் ஒன்பதுக்கு இதன் கை இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் பெரி மார்ஷல் என்ற டொக்டர், யாரும் நம்பவில்லை என்பதற்காக 1984இல் இந்தக் கிருமி வளர்த்த கரைசலைத் தானே குடித்து, சில நாளில் வயிறு அழன்று சத்தியெடுத்தார். 2005இல் அவருக்கும் ரொபின் வொரனுக்கும் நோபெல் பரிசு. வைரஸோடு ஒப்பிட்டால் இதில் ஒரு நல்ல செய்தி உண்டு: இதை மருந்தால் துரத்தலாம்.

நமது ஊரில் வயிற்றில் எது நடந்தாலும் ஒரே பெயர், "கஸ்ரைற்றிஸ்". நெஞ்செரிவு, பொருமல், பசிக்குத்து, ஏவறை, எல்லாம் அதற்குள் அடக்கம். பாமசியில் போய் அந்தச் சொல்லைச் சொன்னால் ஒமிப்ரசோல் அட்டை கைக்கு வரும். பாலையூற்றுக்காரரும் ஒன்றரை வருடம் அப்படித்தான் ஓட்டினார். குளிசை போட்டால் நோவு அமர்ந்தது. அமர்ந்ததால் கமரா தள்ளிப்போனது. புற்றுநோயின் நோவையும் அமிலம் குறைக்கும் குளிசை கொஞ்ச நாள் அமர்த்தும். அது அவருக்குத் தெரிய நியாயமில்லை. காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை என்று சிரித்தார்களாம், இரண்டு பிடி சோற்றோடு வயிறு நிறைந்துவிடுகிறது என்றாராம். தார் போலக் கறுத்து மலம் போன பிறகுதான் கிளினிக்குக்குப் போனார். இரும்புக் குளிசை போடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும், அது வேறு. போடாதவருக்குக் கறுத்தால் அன்றே ஆஸ்பத்திரி. விழுங்கும்போது தடக்குவது, காரணமில்லாமல் மெலிவது, விடாத சத்தி, வெளிறிப்போவது, 50ஐத் தாண்டிய பிறகு புதிதாகத் தொடங்கும் "கஸ்ரைற்றிஸ்", இவை எதுவும் பாமசியோடு முடிக்கிற விசயம் இல்லை. தென் கொரியாவில் 40 வயதிலிருந்து இரண்டு வருடத்துக்கொரு தடவை கமரா போட்டுப் பார்க்கத் தேசிய ஏற்பாடு இருக்கிறது. இலங்கையில் அது இல்லை. இங்கே இந்தப் புற்றுநோய் கொரியா, ஜப்பான் அளவுக்கு வருவதும் இல்லை. நமது ஆண்களுக்கு வாய்ப் புற்றுநோய்தான் முன்னுக்கு நிற்கிறது, வெற்றிலையின் புண்ணியத்தில்.

அந்தியேட்டி கழிந்து இரண்டு கிழமை இருக்கும். அக்கா இறந்துபோன தன் தம்பியின் றிப்போட் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பயொப்சித் தாளைத் தேடி எடுத்துப் படித்தேன். கட்டி இரைப்பையின் அடிப்பகுதியில். சுரப்பி வடிவில் வளர்ந்த வகை. ஈபர் சோதனை செய்யப்படவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இடத்தையும் வகையையும் பார்த்தால் வைரஸ் கட்டியாக இருக்க வாய்ப்புக் குறைவு. கடைசி வரியில் இன்னொன்று எழுதியிருந்தது: ஹெலிகோபக்டர் பைலோரி காணப்படுகிறது.

வீடே வைரஸுக்குப் பயந்து நூல் கட்டிக்கொண்டிருக்க, பற்றீரியா தாளின் அடியில் பேசாமல் கிடந்தது. இது பெரும்பாலும் சிறுவயதில், குடும்பத்துக்குள்ளேயே, வாய் வழியாகவோ அசுத்தமான நீர், உணவு வழியாகவோ தொற்றுவது. இரைப்பைப் புற்றுநோய் வந்தவரின் பிள்ளைகளும் கூடப்பிறந்தவர்களும் இதற்குச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. மலத்திலோ மூச்சிலோ பார்க்கலாம். சோதனைக்கு இரண்டு கிழமை முன்பே ஒமிப்ரசோலை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். அக்காவுக்கு ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். கப்பைப் பற்றியும் சொன்னேன். மைத்துனியின் முகத்தை நேரே பார்க்க வெட்கமாக இருக்கிறது என்றார்.

பிள்ளைகள் இருவரும் சோதித்தார்கள். மகளுக்கு இல்லை, மகனுக்கு இருந்தது. இரண்டு அன்ரிபயோற்றிக்கும் ஒமிப்ரசோலும், 14 நாள். ஐந்தாம் நாள் அக்கா போன் எடுத்தார்.

"தம்பி, அவனுக்கு வாயெல்லாம் இரும்பு நக்கின மாதிரிக் கிடக்காம். விடப்போறன் எண்டு நிக்கிறான்."

"அந்தக் குளிசைக்கு அப்பிடித்தான் அக்கா. இடையில விட்டால் கிருமிக்கு மருந்து பழகிப் போயிடும். முடிச்சு நாலு கிழமைக்குப் பிறகு திரும்பச் சோதிக்கோணும்."

"சரி, சொல்லுறன்." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப தம்பி, அதுமட்டும் இவன்ர கப்புக்கு நூல் கட்டோணுமோ?"

"வேண்டாம் அக்கா. குளிசையை மட்டும் எண்ணிப் போடச் சொல்லுங்கோ."